விழித்திரைக்குள் ஏறும் சர்க்கரை

அம்பாங் வட்டார அரசாங்கக் கிளினிக்குகளில் இனிப்பு நீருக்கு மருந்து எடுப்பவரிடம் கண்ணைப் படம் எடுக்க வேண்டும் என்று சொன்னால், "கண்ணு நல்லாத்தானே தெரியுது, எதுக்கு?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு என்கிறது 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களாகிய நாம்தான் முன்னால் நிற்கிறோம். ஆகவே விடையும் நமக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

தசைச் செல்லும் கொழுப்புச் செல்லும் இன்சுலின் வந்து தட்டினால்தான் சர்க்கரைக்குக் கதவை அகலத் திறக்கும். விழித்திரையின் நுண்குழாய்ச் சுவரில் உள்ள செல்களுக்கு அந்தக் கதவைச் சாத்தத் தெரியாது. இரத்தத்தில் சர்க்கரை ஏற ஏற, அவற்றுக்குள்ளும் ஏறும். அளவுக்கு மீறியதை எரிக்கையில் மைட்டோகாண்டிரியாவில் தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. கொஞ்சம் சர்க்கரை சார்பிட்டாலாக மாறுகிறது. கொஞ்சம் புரதங்களில் ஒட்டி அவற்றைக் கெடுக்கிறது.

இதில் வெகு சீக்கிரம் மடிவது பெரிசைட் என்ற செல். நுண்குழாயை வெளிப்புறமாக அணைத்துக்கொண்டு அதன் சுவருக்கு வலு தருவது இதுதான். 1961இல் அமெரிக்காவில் டேவிட் கோகன், தொயிச்சிரோ குவாபாரா ஆகியோர், இறந்தவர்களின் விழித்திரையை டிரிப்சின் நொதியில் ஊறவைத்துத் திசுவைக் கரைத்து, குழாய் வலையை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தார்கள். நீரிழிவு இருந்தவர்களின் குழாய்களில் பெரிசைட் இருந்த இடங்கள் வெறும் கூடுகளாகக் கிடந்தன. எனக்கு மலைப்பூட்டும் ஆய்வுகளில் இதுவும் ஒன்று.

பிடிமானம் போன குழாய் ஆங்காங்கே புடைக்கும், கசியும். கசிவு விழித்திரையின் நடுவே தேங்கினால் எழுத்து மங்கும். சில குழாய்கள் அடைபட்டுப் போக, மூச்சுத் திணறும் செல்கள் புதுக் குழாய்களை வளர்க்கச் சொல்லி வி.இ.ஜி.எஃப் என்ற புரதத்தைச் சுரக்கும். வளர்வதோ நோஞ்சான் குழாய்கள். அவை உடைந்தால் கண்ணுக்குள் இரத்தம்.

புடைப்புகள் தோன்றும் கட்டத்தில் வலியும் இல்லை, மங்கலும் இல்லை. படத்தில் மட்டும் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். படம் எடுப்பது அதற்காகத்தான்.

லேசரும் கண்ணுக்குள் போடும் ஊசியும் பெரும்பாலும் இருக்கும் பார்வையைக் காக்கும். செத்த செல்லை மீட்காது. சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் நுண்குழாய்ப் பாதிப்புகள் 25 விழுக்காடு குறையும் என 1998இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. இரத்த அழுத்தத்தையும் விட்டுவிடக் கூடாது.

இனிப்பு நீர் என்று தெரிந்த உடனேயே முதல் படத்தை எடுத்துவிடுங்கள். அடுத்தது எப்போது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கண் பாப்பாவை விரிக்கத் துளிமருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை கலங்கும். அன்றைக்கு மோட்டார் ஓட்டாமல், எல்.ஆர்.டி.யில் துணையோடு போய் வாருங்கள்.