கைதியுடன் சிறை சென்ற பூனை

பண்டசோழநல்லூரில் அடுப்படியில் சுருண்டு படுக்கும் பூனையை எல்லோரும் பார்த்திருப்பார்கள். கப்பல் ஏறி உலகத்தைச் சுற்றிய பூனை ஒன்றும் உண்டு. அதன் கதையில் புதுச்சேரிக்கும் ஒரு பங்கு இருக்கிறது!

பூனையின் பெயர் டிரிம். 1799-ஆம் ஆண்டில், ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஆங்கிலக் கப்பலில் பிறந்தது. கறுப்பு உடம்பு. வெள்ளைப் பாதங்கள். மார்பில் நட்சத்திரம் போல ஒரு வெள்ளைத் திட்டு.

குட்டியாக இருந்தபோது துள்ளி விளையாடியது; கடலில் விழுந்துவிட்டது. ஆனாலும் நீந்தியது! மாலுமிகள் கயிறு வீசினார்கள். அதைப் பற்றிக்கொண்டு கப்பலில் ஏறிவிட்டது.

அந்தக் கப்பலின் அதிகாரிகளில் ஒருவர் மாத்யூ பிலிண்டர்ஸ். அவரும் பூனையும் இணைபிரியாத நண்பர்கள் ஆனார்கள்.

சாப்பாட்டில் பங்கு

டிரிம் சாதுவான பூனை அல்ல. சாப்பாட்டு நேரத்தில் முதல் ஆளாக மேஜைக்கு வந்துவிடும். சாப்பிடாமல் பேசிக்கொண்டிருப்பவர் கையில் இருக்கும் துண்டைக் காலால் தட்டிப் பறித்துக்கொள்ளும். பாய்மரத்தில் ஏறுவதில் மாலுமிகளை முந்திவிடும்.

பிலிண்டர்ஸ் கப்பல் தலைவர் ஆனார். ஆஸ்திரேலியாவைச் சுற்றிவந்து அதன் கரையைப் படமாக வரைந்தார். டிரிமும் கூடவே சென்றது. 1803-இல் ஊர் திரும்பும் வழியில் கப்பல் பாறையில் மோதி உடைந்தது. இருவரும் உயிர் தப்பினார்கள்.

பிறகு ஓட்டைக் கப்பல் ஒன்றில் புறப்பட்டு, டிசம்பர் மாதம் மொரீசியஸ் தீவில் ஒதுங்கினார்கள். அங்கே காத்திருந்தது ஆபத்து!

புதுச்சேரியில் இருந்து வந்த கவர்னர்

அந்தத் தீவு அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. கவர்னர் பெயர் டெகான். புதுச்சேரியைத் திரும்பப் பெறுவதற்காக அதே ஆண்டு ஜூலையில் இங்கே வந்தவர் அவர். ஆங்கிலேயர்கள் ஊரை ஒப்படைக்கவில்லை. வெறுங்கையுடன் மொரீசியசுக்குப் போனார். அங்கே ஓர் ஆங்கிலேயர் வந்து இறங்கினால் விடுவாரா? பிலிண்டர்சை வேவுகாரர் என்று சந்தேகித்துக் காவலில் வைத்தார். இரு நாடுகளுக்கும் போர் மூண்டிருந்த நேரம் அது.

சிறையில் பிலிண்டர்சுக்கு ஆறுதல் டிரிம்தான். அது அங்கே அடைபட்டுக் கிடப்பதைப் பார்க்க அவருக்கு மனம் பொறுக்கவில்லை. ஒரு பிரெஞ்சுப் பெண்மணி தன் சிறுமகளுக்குத் துணையாக அதைக் கேட்டார். நல்ல இடம் என்று நம்பிக் கொடுத்தார்.

இரண்டு வாரத்துக்குள் பூனையைக் காணோம்!

தேடியும் கிடைக்கவில்லை. பசித்த யாரோ பிடித்துத் தின்றிருக்க வேண்டும் என்று பிலிண்டர்ஸ் நினைத்தார். அதற்குச் சாட்சி எதுவும் இல்லை.

1809-இல், இன்னும் காவலில் இருந்தபோதே, டிரிமின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். ஒரு கண்டத்தின் கரையை வரைந்த கை, ஒரு பூனைக்காகப் பேனா பிடித்தது. அந்தக் கையெழுத்துப் பிரதி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அச்சேறாமல் கிடந்தது.

1810-இல் விடுதலை கிடைத்தது. 1814-இல், 40-ஆம் வயதில் பிலிண்டர்ஸ் இறந்தார்.

சிட்னி நகரில் மிச்செல் நூலகத்தின் முன்னால் அவருக்குச் சிலை இருக்கிறது. அதன் பின்னால், ஜன்னல் விளிம்பில் 1996-இல் இன்னொரு சிலை வைத்தார்கள். வெண்கலத்தில் செய்த பூனை அது.