சக்கரம் ஒட்டிய கைப்பிடி

கொல்லிமலையின் திண்ணனூர் நாட்டிலிருந்து பள்ளி மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். சிறிய விமானம் தரையிறங்கும் வீடியோவில் விமானி ஓர் அட்டையைப் பார்த்து வாசித்தாராம். 'ஓட்டத் தெரிந்தவருக்கு அது எதற்கு?' என்று கேட்கிறார்.

அட்டை வந்த கதை 1935-இல் இருக்கிறது. அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங் நிறுவனத்தின் மாடல் 299 விமானம் எழும்பிய சற்று நேரத்திலேயே விழுந்து எரிந்தது. ஓட்டியவர் மேஜர் பிளாயர் ஹில், தேர்ந்த சோதனை விமானி. நிற்கும் விமானத்தின் வால் மடல்கள் காற்றில் ஆடாமலிருக்கப் போடும் பூட்டை எடுக்காமலே கிளம்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் செக்லிஸ்ட் என்னும் அந்த அட்டை பரவியது. தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்க வந்ததல்ல அது. தெரிந்தவரின் மறதிக்காக வந்தது.

சிறிய விமானம் இறங்குமுன் ஓடுபாதைக்கு இணையாக, எதிர்த்திசையில் பறக்கும். எரிபொருள், எஞ்சின் கலவை, இருக்கைப் பட்டை எல்லாம் அங்கேயே சரிபார்க்கப்பட வேண்டும். கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிவரும் டிரைவர், வளைவுக்கு முன்பே கியரைக் குறைப்பாரே, அப்படி. பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172 விமானங்கள் பெரும்பாலானவற்றில் சக்கரம் மடங்காது. ஆனாலும் 'சக்கரம் கீழே' என்று சொல்லிப் பழக்குகிற ஆசிரியர்கள் உண்டு. நாளை சக்கரம் மடங்கும் விமானத்துக்கு மாறும்போது அந்தப் பழக்கம்தான் காப்பாற்றும்.

எனக்கு மிகப் பிடித்தது இந்தக் கதையின் அடுத்த கட்டம். இரண்டாம் உலகப் போரில் பி-17 விமானிகள் சிலர் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, இறக்கை மடல்களை மடக்குவதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கிவிடுவார்கள். விமானம் வயிற்றால் தரையில் உட்காரும். விமானியின் தவறு என்றே எழுதி வந்தார்கள். அதே ரைட் ஃபீல்டில் பணியாற்றிய உளவியலாளர் அல்போன்ஸ் சப்பானிஸ், விமானியை விட்டுவிட்டு அவர் கை போகும் இடத்தைப் பார்த்தார். இரண்டு சுவிட்சுகளும் அருகருகே, ஒரே வடிவில் இருந்தன. அப்படி இல்லாத சி-47 விமானத்தில் இந்தத் தவறு நடக்கவில்லை. சக்கரத்துக்கான பிடியில் குட்டி ரப்பர் சக்கரத்தையும், மடலுக்கானதில் ஆப்பு வடிவத் துண்டையும் ஒட்டச் செய்தார். கண் பார்க்காவிட்டாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். இன்றைய விமானங்களிலும் அந்தப் பிடி சக்கர வடிவில்தான் இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் நம் செய்திகள் 'விமானியின் தவறு' என்பதோடு முடிந்துவிடுவது எனக்கு வருத்தம். 2010 மே 22 அன்று மங்களூரில் நடந்த விமான விபத்தில் 158 பேர் இறந்தார்கள். அது பெரிய விமானம். தவறு மட்டும் சிறிய விமானத்திலும் நடப்பதுதான். அளவுக்கு மீறிய உயரத்தில் வந்தும் தலைமை விமானி இறங்குவதைக் கைவிடவில்லை. பயணத்தில் நீண்ட நேரம் அவர் உறங்கியிருந்தார். மீண்டும் மேலே ஏறிவிடலாம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னார். விசாரணை அறிக்கை தலைமை விமானியைத்தான் முதற்காரணமாகச் சொன்னது. ஆனால் விமான நிலையத்தின் ரேடார் பழுதாகியிருந்ததால் விமானம் வழக்கத்தைவிடத் தாமதமாகவே கீழிறங்கத் தொடங்கியது என்பதும், துணை விமானி தானே பொறுப்பேற்று மேலே ஏறலாமா என்பதில் விதிகள் தெளிவாக இல்லை என்பதும் அதே அறிக்கையில் இருக்கின்றன.