பிரித்தால் பொருள், கலந்தால் குப்பை: ஓசூர் எல்லையில் கற்க வேண்டிய பாடம்

ஓசூரிலிருந்து பெங்களூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். அத்திப்பள்ளியைத் தொட்டால் கர்நாடகம். வேலைக்கும் வைத்தியத்துக்கும் வியாபாரத்துக்கும் நம் மக்கள் தினமும் அந்த எல்லையைக் கடக்கிறார்கள். அண்ணன் ஓசூரிலும் தம்பி பெங்களூரிலும் குடியிருக்கும் குடும்பங்கள் ஏராளம். இரு வீட்டிலும் பேச்சு ஒன்று, சமையல் ஒன்று, பெருநாள் ஒன்று. ஆனால் குப்பை போடும் பழக்கம் மட்டும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

பெங்களூரில் காலையில் குப்பை வண்டி வந்தால் 'ஹசி கசா', 'ஒண கசா' என்ற இரண்டு சொற்கள் காதில் விழும். முதலாவது ஈரக்குப்பை, இரண்டாவது உலர்குப்பை. இரண்டையும் கலந்து நீட்டினால் வாங்க மறுக்கும் தெருக்கள் அங்கே உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் நம்மில் பல வீடுகளில் தேங்காய் நார், பிரியாணி எலும்பு, பால் கவர், குழந்தையின் டயப்பர், காலியான மருந்துப் புட்டி எல்லாமே ஒரே பையில் முடிச்சுப் போட்டு வாசலுக்குப் போகின்றன. இங்கும் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துத் தரச் சொல்கிறார்கள். பச்சை, நீல நிறக் கூடைகளை நாம் பார்த்திருக்கிறோம். ஆனாலும் பழக்கம் மாறவில்லை.

பெங்களூரு எப்படி மாறியது?

பெங்களூர்வாசிகள் பிறவியிலேயே ஒழுங்கானவர்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்களும் பல ஆண்டுகள் எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் கொட்டினார்கள். அந்தக் குப்பை நகரத்தைச் சுற்றியிருந்த கிராமங்களுக்குப் போனது. மாவள்ளிபுரா, மண்டூர் ஆகிய ஊர்களின் பெயர்கள் செய்திகளில் அடிபட்டது இதனால்தான்.

2012ல் மாவள்ளிபுரா கிடங்கு மூடப்பட்டது. கொட்ட இடமில்லாமல் தகவல் தொழில்நுட்ப நகரத்தின் தெருக்களில் குப்பை மலையாகக் குவிந்தது. பிறகு சுமை முழுவதும் மண்டூர் பக்கம் திரும்பியது. தங்கள் ஊர்க் காற்றும் கிணற்றுநீரும் கெட்டுவிட்டதாகச் சொல்லி அந்த மக்கள் 2014ல் சாலையில் இறங்கிப் போராடினார்கள். அந்த ஆண்டு டிசம்பர் முதல் அங்கே கொட்டுவது நிறுத்தப்பட்டது. மாநகரம் சாப்பிட்டு எறிந்ததற்காக, அதில் ஒரு கவளமும் உண்ணாத கிராமம் பல ஆண்டுகள் நாற்றத்தில் வாழ்ந்தது.

இந்தச் சிக்கல் நீதிமன்றத்துக்கும் போனது. கர்நாடக உயர்நீதிமன்றம் 2015 டிசம்பரில் 'இரண்டு கூடை, ஒரு பை' என்ற முறையை மாநகரம் முழுவதும் கடைப்பிடிக்க உத்தரவிட்டது. ஈரக்குப்பைக்குப் பச்சைக் கூடை. நாப்கின், டயப்பர் போன்றவற்றுக்குச் சிவப்புக் கூடை. காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகத்துக்கு ஒரு பை. வார்டுகள்தோறும் உலர்குப்பை சேகரிப்பு மையங்கள் திறக்கப்பட்டன. அவற்றில் பலவற்றை, முன்பு தெருவில் குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களே நடத்துகிறார்கள். அவர்களுக்கு மாநகராட்சியே அடையாள அட்டை கொடுத்தது. 'ஹசிரு தளா' என்ற அமைப்பு இதற்காகத் தொடர்ந்து உழைத்தது. அந்த நகரத்தின் குப்பைப் பிரச்சினை முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் பிரிக்க வேண்டிய இடம் சமையலறை என்ற எண்ணம் அங்கே வேரூன்றிவிட்டது.

நம்மிடம் இல்லாத பழக்கமா இது?

குப்பையைப் பிரிப்பது நமக்குப் புதிதல்ல. நம் பாட்டிமார் வீட்டில் கழனித் தண்ணீருக்குத் தனிப் பானை இருந்தது. அரிசி களைந்த தண்ணீரும் காய்கறித் தோலும் அதில் விழும். மாட்டுக்காரர் வந்து எடுத்துப்போவார். அடுப்புச் சாம்பல் பாத்திரம் தேய்க்க உதவியது. சிரட்டை அடுப்புக்குப் போனது. பழைய புடவை குழந்தைக்குத் தொட்டிலானது. பழைய இரும்புக்கும் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் கொடுத்த வண்டிக்காரரை நடுத்தர வயதைக் கடந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

பழைய பொருள் வாங்கும் கடைக்குத் தமிழில் 'காயலான் கடை' என்று பெயர். இது காயல்பட்டினத்து வணிகர்களால் வந்த பெயர் என்று சொல்வதுண்டு. இன்றும் தமிழகத்தின் பல ஊர்களில் இந்தத் தொழிலில் நம் சமுதாயத்தினர் கணிசமாக இருக்கிறார்கள். மறுசுழற்சி என்ற சொல் புழக்கத்துக்கு வரும் முன்பே அதைத் தொழிலாகச் செய்தவர்கள் இவர்கள்.

அப்படியானால் பழக்கம் எங்கே அறுந்தது? அன்று வீட்டிலிருந்து வெளியேறிய ஒவ்வொரு பொருளுக்கும் அதை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் இருந்தார். இன்று ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற தொழில் நகரங்களில் வரிசை வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் குடியிருக்கிறோம். மாட்டுத் தொழுவமும் இல்லை, எருக்குழியும் இல்லை. கூடவே சாஷே பாக்கெட், சிப்ஸ் உறை, டயப்பர் என்று எந்த வியாபாரியும் வாங்காத பொருள்கள் வீட்டுக்குள் வந்துவிட்டன. வாங்குபவர் இல்லாதபோது எல்லாம் ஒரே பைக்குள் போய்விட்டது. பழைய செய்தித்தாளை மட்டும் இன்னும் கட்டி வைக்கிறோம். ஏனென்றால் அதற்குக் காசு கிடைக்கிறது.

கலந்தால் என்ன ஆகிறது?

ஒரு கரண்டி சாம்பார் ஒரு கட்டுக் காகிதத்தைக் கெடுக்கப் போதும். எண்ணெயும் ஈரமும் பட்ட காகிதத்தைக் காகித ஆலை விரும்பாது. எனவே பழைய பேப்பர்காரரும் எடுக்கமாட்டார். கழுவிய பால் கவருக்கு விலை உண்டு. மீன் கழிவு ஒட்டிய பால் கவருக்கு விலை இல்லை. மறுபக்கம், காய்கறித் தோலுக்குள் பேட்டரியோ உடைந்த கண்ணாடியோ கிடந்தால் அதை எருவாக்க முடியாது.

கட்டிய பைக்குள் காற்றுப் புகாமல் அழுகும் உணவு மீத்தேன் வாயுவை உண்டாக்குகிறது. குப்பைக் கிடங்குகள் திடீர் திடீரென்று பற்றி எரிவதற்கு இந்த வாயு ஒரு முக்கியக் காரணம். அழுகிய கழிவிலிருந்து வடியும் கறுப்புச் சாறு நிலத்தில் இறங்கி நிலத்தடி நீரைக் கெடுக்கிறது. மணத்துக்கு வந்த மாடு பையைக் கிழிக்கத் தெரியாமல் பிளாஸ்டிக்கோடு சேர்த்தே விழுங்குகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மனிதர் இருக்கிறார். நாம் பிரிக்காததைத் தூய்மைப் பணியாளர் தன் கையால் பிரிக்க வேண்டியிருக்கிறது. நம் வீட்டுப் பெரியவருக்குப் போட்ட இன்சுலின் ஊசி அந்தப் பைக்குள் இருந்தால், அது குத்துவது அவர் விரலைத்தான். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் ஒரு பகுதியாகக் கற்ற சமுதாயம், பிறர் கையில் இடையூறை முடிந்து கொடுப்பது பொருந்துமா என்று யோசிக்க வேண்டும்.

கமிகட்சுவும் கெய்ரோவும்

வேறு சமூகங்கள் இதை எப்படிக் கையாளுகின்றன என்று பார்த்தால் ஒரு பொதுவான உண்மை தெரியும். ஜப்பானில் கமிகட்சு என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே குப்பை வண்டி வருவதில்லை. மக்களே தங்கள் குப்பையை மையத்துக்குக் கொண்டுபோய் நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரித்துப் போடுகிறார்கள். சுமார் 80 சதவீதம் மறுபயன்பாட்டுக்குப் போய்விடுகிறது. 2003ல் 'குப்பையற்ற ஊர்' என்ற இலக்கை அறிவித்துப் பல ஆண்டுகள் பழகியதன் பலன் இது.

எகிப்தின் கெய்ரோவில் கதை வேறு. அங்கே 'ஸப்பாலீன்' எனப்படும் மக்கள் தலைமுறைகளாக வீடு வீடாகக் குப்பை எடுக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் காப்டிக் கிறிஸ்தவர்கள். காகிதம், துணி, பிளாஸ்டிக்கைப் பிரித்து விற்பார்கள். உணவுக் கழிவைத் தாங்கள் வளர்த்த பன்றிகளுக்குப் போடுவார்கள். 2009ல் பன்றிக் காய்ச்சல் அச்சத்தில் அரசு நாட்டிலிருந்த ஏறத்தாழ 3 இலட்சம் பன்றிகளைக் கொல்ல உத்தரவிட்டது. உணவுக் கழிவை எடுத்துப்போக அவர்களுக்குக் காரணம் இல்லாமல் போனது. விளைவு, கெய்ரோவின் தெருக்களில் அழுகிய உணவு குவிந்தது.

எடுத்துக்கொள்ள ஆள் இருக்கும் வரைதான் எந்தப் பொருளும் தெருவைவிட்டு நகரும். அந்த ஆளுக்குப் பயன்படும் நிலையில் அதைக் கொடுப்பது வீட்டின் பொறுப்பு.

சட்டம் சொன்னது என்ன?

பெங்களூரைச் சேர்ந்த அல்மித்ரா பட்டேல் 1996ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 2000ல் நாடு முழுமைக்குமான குப்பை விதிகள் வந்தன. 2016 ஏப்ரலில் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்குவது, மக்காதது, வீட்டில் உண்டாகும் அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுப்பதை ஒவ்வொரு வீட்டின் கடமையாக்கின. நாப்கின், டயப்பரைத் தனியே சுற்றித் தரச் சொன்னதும், தெருவிலோ சாக்கடையிலோ குப்பையைக் கொட்டுவதையும் எரிப்பதையும் தடுத்ததும் இந்த விதிகளே. தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை இருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியது

இதற்குப் பெரிய இடம் தேவையில்லை. இரண்டு வாளி, ஆணியில் தொங்கும் ஒரு சாக்குப் பை, ஒரு சிறு டப்பா போதும்.

முதல் வாளி ஈரக்குப்பைக்கு. காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, மீந்த சோறு, எலும்பு, மீன் கழிவு இதில் போகும். பிளாஸ்டிக் பை போடாமல் வாளியோடு வண்டியில் கவிழ்த்துவிட்டு அலசிக்கொள்ளலாம். மாடியில் இடமிருந்தால் துளையிட்ட மண்பானையில் காய்கறிக் கழிவையும் காய்ந்த இலை அல்லது தென்னைநார்க் கழிவையும் மாற்றி மாற்றிப் போட்டு வரலாம். பானை நிறைந்தபின் இரண்டு மாதம் போல விட்டுவைத்தால் உரமாகிவிடும். இறைச்சியும் எலும்பும் பானைக்கு வேண்டாம். நாற்றமும் எலியும் வரும்.

சாக்குப் பை உலர்குப்பைக்கு. பால் கவரை ஒருமுறை அலசிக் காயவைத்துப் போட்டால் போதும். காகிதம், அட்டைப் பெட்டி, பாட்டில், டின் எல்லாம் இதில் சேரட்டும். மாதம் ஒருமுறை பழைய பொருள் வியாபாரிக்குக் கொடுக்கலாம். அவர் ஒதுக்கும் சிப்ஸ் உறை போன்றவற்றை உலர்குப்பையாக நகராட்சி வண்டிக்குக் கொடுக்க வேண்டும்.

இரண்டாம் வாளி நாப்கின், டயப்பருக்கு. செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஓர் அடையாளம் போட்டுவிட்டால் எடுப்பவர் பிரித்துப் பார்க்கமாட்டார்.

டப்பா அபாயப் பொருள்களுக்கு. பேட்டரி, காலாவதியான மாத்திரை, உடைந்த பல்பு இதில். ஊசிகளை மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் போட்டு மூடித் தனியே கொடுங்கள்.

மஹல்லாவில் செய்யக்கூடியது

ஒரு வலீமா விருந்தில் சேரும் குப்பை, ஒரு வீட்டில் மாதக்கணக்கில் சேருவதைவிட அதிகம். உரிமம் பெற்ற மண்டபம் அல்லாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடினால் மூன்று வேலை நாள்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைப் பிரித்துத் தர வேண்டும் என்று 2016 விதிகள் சொல்லின. சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும், பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கோப்பையும் தமிழகத் தடைப் பட்டியலில் இருக்கின்றன. ரமளானில் நோன்புக் கஞ்சிக்கு வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டுவருவது நம் பழைய வழக்கம்தான். பள்ளியில் அமர்ந்து குடிப்பவர்களுக்கு எவர்சில்வர் கோப்பைகளை ஜமாஅத் ஒருமுறை வாங்கினால் பல ரமளானுக்கு வரும்.

குர்பானியில் தோலை மதரஸாக்களும் பொதுப்பணி செய்வோரும் சேகரிக்கிறார்கள். குடலுக்கும் சாணத்துக்கும் அப்படி ஆள் இல்லாததால்தான் சில இடங்களில் அவை சாக்கடைக்குப் போகின்றன. பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பே ஜமாஅத் நிர்வாகிகள் நகராட்சி அதிகாரிகளைச் சந்தித்துத் தனி வண்டியும் நேரமும் கேட்டு, அதை ஜும்ஆவில் அறிவிக்கலாம். நம் பகுதியில் தமிழோடு உருது, கன்னடம், தெலுங்கு, வடமாநிலத் தொழிலாளர்களின் இந்தி என்று பல மொழிகள் புழங்குகின்றன. அறிவிப்புப் பலகையில் எழுத்தோடு படமும் இருந்தால் எல்லோருக்கும் புரியும்.

மேல்கரையும் கீழ்கரையும்

நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூருப் பகுதியின் கழிவுநீரையும் சுமந்துகொண்டு ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அங்கே வெள்ளை நுரை பொங்கும் படங்களைப் பார்த்து நாம் கோபப்படுகிறோம். கோபம் நியாயமானது. 2024 டிசம்பரில் கேரள மருத்துவக் கழிவுகள் நெல்லை மாவட்டத்தில் கொட்டப்பட்டபோதும் தமிழகமே கொதித்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப்பின் கேரள அதிகாரிகளே வந்து அள்ளிச் சென்றார்கள்.

ஆனால் அந்த ஆறு ஓசூரோடு நின்றுவிடுவதில்லை. கிருஷ்ணகிரி அணைக்குப் போகிறது, சாத்தனூருக்குப் போகிறது, கடலூர் அருகே கடலில் கலக்கிறது. பெங்களூருக்கு நாம் கீழ்கரை என்றால் அவர்களுக்கெல்லாம் நாம் மேல்கரை. பெங்களூரிடம் நாம் எதிர்பார்க்கும் நாணயத்தைக் கீழே இருப்பவர்கள் நம்மிடமும் எதிர்பார்ப்பார்கள் அல்லவா?

இன்றைக்கே எல்லாம் மாறிவிடாது. ஈரக்குப்பையை மட்டும் தனியாக வைக்கும் பழக்கத்தை இந்த வாரம் தொடங்கலாம். அது கை வந்துவிட்டால் மற்றவை தானாக ஒழுங்குக்கு வரும், இன்ஷா அல்லாஹ்.