பாடாங்: ஒரு திடலின் வரலாறு

சிங்கப்பூர் மாநகரின் நடுவே அமைந்துள்ள பசும்புல் திடலுக்குப் பாடாங் என்று பெயர். மலாய் மொழியில் அச்சொல்லுக்குத் திடல் என்பதே பொருள். அதன் பரப்பு 4.3 ஹெக்டேர், அதாவது, ஏறத்தாழ பத்தரை ஏக்கர். பால்வெட்டுத் தொழிலாளர் சிலரின் நிரைகளுக்குள் அடங்கிவிடும் இச்சிறு நிலத்தில் நிகழ்ந்தவையோ மிகப் பல.

குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இது ஐரோப்பியர் உலாவும் இடமாகவும் விளையாட்டுத் திடலாகவும் இருந்தது. 1852இல் தோன்றிய கிரிக்கெட் மன்றமும், 1883இல் யுரேஷியர் தொடங்கிய ரெக்ரியேஷன் மன்றமும் இன்றும் அதன் இரு முனைகளில் உள்ளன. அருகிலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்தது. 1929இல் நகராண்மைக் கட்டடமும், 1939இல் உச்ச நீதிமன்றமும் திடலை நோக்கி எழுந்தன.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. 17ஆம் நாள் ஐரோப்பியக் குடிமக்கள் பாடாங்கில் திரட்டப்பட்டுச் சிறைக்கு நடத்திச் செல்லப்பட்டனர். அதே நாளில், சிராங்கூன் சாலையை அடுத்த பேரர் பூங்காவில் இந்தியப் போர்வீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர்.

தோட்ட மக்களாகிய நாம் மறக்கலாகாத நாள் 1943 ஜூலை 5. அன்று நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் இத்திடலில் இந்திய தேசிய இராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டு, "டில்லி செல்வோம்" என முழங்கினார். மலாயாத் தோட்டங்களில் உழைத்த தமிழர் பலர் பால்வெட்டுக் கத்தியை வைத்துவிட்டுத் துப்பாக்கி ஏந்தினர். ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் சேர்ந்தனர். உயிர்நீத்த வீரர்களுக்காகத் திடலின் அருகே 1945 ஜூலையில் நேதாஜி நினைவுச்சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். திரும்பி வந்த பிரிட்டிஷார் அச்சின்னத்தைத் தகர்த்தனர். 1995இல் அவ்விடத்தில் அடையாளக் கல் ஒன்று நிறுவப்பட்டது.

1945 செப்டம்பர் 12 அன்று நகராண்மைக் கட்டடத்தில் ஜப்பானியர் சரணடைந்தனர். 1951இல் அக்கட்டடம் நகர மண்டபம் எனப் பெயர் பெற்றது. 1966 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூரின் முதல் தேசிய தின அணிவகுப்பு இத்திடலில் நடைபெற்றது.

இன்று நகர மண்டபமும் பழைய உச்ச நீதிமன்றமும் இணைந்து, 2015 முதல் தேசியக் கலைக்கூடமாக விளங்குகின்றன. 2022இல் பாடாங் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. கட்டடமல்லாத பசுமைவெளி ஒன்று அத்தகுதியைப் பெற்றது அதுவே முதன்முறை.

தேக்காவுக்குச் செல்லும் அன்பர்கள் லிட்டில் இந்தியா நிலையத்தில் இரயிலேறி, தோபி காட்டில் மாறினால் நகர மண்டப நிலையத்தை எளிதில் அடையலாம். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்று அந்த அடையாளக் கல்லைக் காட்டுங்கள். நம் பாட்டன் பாட்டியரின் தியாகத்தை அவர்கள் அறிந்துகொள்வார்கள்.