12 வோல்ட்டிலிருந்து 1000

சிங்கப்பூரின் தேக்கா சந்தையிலிருந்து ஜாலான் புசார் பக்கமாக நடந்தால், சிறிது தூரத்தில் சிம் லிம் டவர். கணினிக்குப் பேர்போன சிம் லிம் ஸ்குவேர் வேறு, இது வேறு. இங்கே மின்தடை, மின்தேக்கி, டிரான்சிஸ்டர் எல்லாம் உதிரியாகக் கிடைக்கும். பழைய வானொலியும் டிரான்ஸ்பார்மரும் வேண்டுமென்றால் அருகிலிருந்த சுங்கை சாலைச் சந்தையில் தேடலாம் என்ற நிலை 2017 ஜூலை 10 வரை இருந்தது. அன்றோடு அந்தச் சந்தை மூடப்பட்டது. கையால் செய்து பார்த்துக் கற்க நினைப்பவர்களுக்கு அது பெரிய இழப்பு.

எனாமல் பூசிய செப்புக் கம்பி, கறுப்பு நிற ஃபெரைட் வளையம், ஒரு டிரான்சிஸ்டர், 12 வோல்ட் பேட்டரி. இவ்வளவு இருந்தால் ஆயிரம் வோல்ட்டை எட்டிவிடலாம். எப்படி?

பழைய டியூப்லைட்டை நினைத்துப் பாருங்கள். சுவிட்சைப் போட்டதும் ஸ்டார்ட்டர் கண் சிமிட்டும். சோக் லேசாக முனகும். பிறகு சட்டென்று வெளிச்சம். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டால் குளிர்ந்திருக்கும் குழாயைப் பற்றவைக்க முடியாது. ஸ்டார்ட்டர் முதலில் மின்னோட்டத்தை சோக் வழியே ஓடவிட்டு, பிறகு திடீரென்று அறுத்துவிடுகிறது. சோக் என்பது இரும்பு உள்ளகத்தில் சுற்றிய சுருள்தான். ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டம் நிற்பதை எந்தச் சுருளும் எதிர்க்கும். வழி அடைபட்டதும் சுருளைச் சூழ்ந்த காந்தப்புலம் சரிந்து, பல நூறு வோல்ட் அழுத்தத்தை எழுப்ப, மின்னோட்டம் குழாய்க்குள் இருக்கும் வாயுவைத் துளைத்துக்கொண்டு பாய்கிறது. 1830களில் இந்தப் பண்பை ஆராய்ந்தவர் அமெரிக்கர் ஜோசப் ஹென்றி. சுருளின் இந்தப் பண்பை இன்றும் அவர் பெயரால்தான் அளக்கிறோம்.

இப்போது கணக்குக்கு வருவோம். 10 மில்லிஹென்றி சுருளை 12 வோல்ட் பேட்டரியில் இணைத்தால், கம்பியின் தடை குறைவாக இருக்கும் பட்சத்தில், மின்னோட்டம் ஓர் ஆம்பியரை எட்ட ஏறத்தாழ 830 மைக்ரோவினாடி ஆகும். டிரான்சிஸ்டர் அதை 10 மைக்ரோவினாடியில் நிறுத்தினால், எழும் அழுத்தம் 1000 வோல்ட். நேரம் 83 மடங்கு சுருங்கியது. வோல்ட் 83 மடங்கு பெருகியது. எனக்கு மின்னியலின் மொத்த அழகும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. உள்ளே போன ஆற்றல் 5 மில்லிஜூல், வெளியே வருவதும் அதற்கு மேல் இல்லை. ஒரு கிலோ எடையை அரை மில்லிமீட்டர் தூக்க அது போதும். அந்த 10 மைக்ரோவினாடிக்கு மட்டும் திறன் சராசரியாக 500 வாட்!

இந்த 500 வாட்டைப் பார்த்துத்தான் பலர் மயங்கிவிடுகிறார்கள். போட்டதைவிட அதிகம் வருகிறது, இலவச மின்சாரம் கிடைத்துவிட்டது என்று உலகெங்கும் நம்பிக்கையோடு சுருள் சுற்றுபவர்கள் உண்டு. அவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். முடிவை ஏற்க முடியவில்லை. 50 ஹெர்ட்ஸ் அலைக்காகச் செய்யப்பட்ட மலிவு மல்டிமீட்டர், இவ்வளவு கூர்மையான துடிப்பைச் சரியாகக் காட்டாது. வெளிவரும் மின்சாரத்தை ஒரு மின்தடையில் விட்டு, அதைத் தண்ணீரில் அமிழ்த்தி, வெப்பமானியால் சூட்டை அளந்து பாருங்கள். தண்ணீர் பொய் சொல்லாது.

அதே துடிப்பால் உண்மையான பயனும் உண்டு. கடிகாரத்துக்கே உதவாமல் 0.9 வோல்ட்டுக்கு இறங்கிவிட்ட பேட்டரியால், ஏறத்தாழ 3 வோல்ட் கேட்கும் வெள்ளை எல்இடியை எரிய வைக்கலாம். ஃபெரைட் வளையத்தில் இரண்டு சுருள், ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தடை. நொடிக்குப் பல ஆயிரம் முறை சுருள் நிரம்பிக் காலியாகும். கண்ணுக்குத் தெரிவதோ சீரான ஒளி.

துடிப்பு ஆற்றலை நேரத்தில் சுருக்குகிறது. நிலை அலையோ அதை இடத்தில் குவிக்கிறது. 1888இல் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ், சுவரில் துத்தநாகத் தகட்டை மாட்டி மின்காந்த அலையைத் திருப்பி அனுப்பினார். போன அலையும் வந்த அலையும் சேர்ந்து நிலை அலையாக நின்றதால், அலையைப் பிடிக்கும் கம்பி வளையத்தில் சில இடங்களில் பொறி வலுத்தது, சில இடங்களில் அடங்கியது. அசையாத அந்த இடங்களை வைத்தே அலைநீளத்தை அளந்தார். ஜூரோங்கில் உள்ள சிங்கப்பூர் அறிவியல் நிலையத்தின் டெஸ்லா சுருளும் இதே வகைதான். அடி தரையோடு இணைந்திருக்க, உச்சி திறந்திருக்கும். ஊஞ்சலைத் தக்க நேரத்தில் தள்ளுவதுபோல் ஒவ்வொரு துடிப்பும் தாளம் தவறாமல் சேர, அழுத்தம் உச்சியில் போய்க் குவிந்து மின்னலாகத் தெறிக்கும்.

சிங்கப்பூரின் அமெச்சூர் வானொலி ஆர்வலர்கள் நிலை அலையை அன்றாடம் அளக்கிறார்கள். 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் அரை மீட்டர் சொச்சம். ஆண்டெனாக் கம்பியின் நீளம் அதிலிருந்து பிசகினால் அனுப்பிய ஆற்றலில் ஒரு பங்கு திரும்பி வந்து கேபிளில் நிலை அலையாக நிற்கும். மீட்டர் உடனே காட்டிக்கொடுத்துவிடும். அலைபரப்பத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் உரிமம் வேண்டும். பொறி பறக்கும் சுருளும் சுற்றிலும் வானொலி இரைச்சலைப் பரப்பும் என்பதை மறக்கக் கூடாது.

பிள்ளைகளோடு சுருள் சுற்ற ஆசைப்படுபவர்கள் அந்த எல்இடி விளக்கிலிருந்து தொடங்கலாம். ஆயிரம் வோல்ட் துடிப்பைத் தெரிந்தவர் துணையில்லாமல் முயல வேண்டாம். சுவர் பிளக்கையும், தூக்கி எறியப்பட்ட மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்பார்மரையும் தொடவே தொடாதீர்கள். அந்த டிரான்ஸ்பார்மரின் 2000 வோல்ட்டுக்குப் பின்னால் உயிரைப் பறிக்கப் போதுமான மின்னோட்டம் இருக்கிறது.