உறங்கும் கிருமி விழித்தெழுந்தால்...



இளமையில் சின்னம்மை கண்டு குணமானவருக்கு முதுமையில் அக்கி படர்வதைப் பார்த்திருப்பீர்கள். அது புதிதாகத் தொற்றிய நோயன்று. அன்று வந்த கிருமியே நரம்பு வேர்களில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்து, உடலின் எதிர்ப்பாற்றல் தளர்ந்ததும் விழித்துக்கொள்கிறது. புலி பதுங்குவது பாய்வதற்கே!

அக்கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த மற்றொன்று, 1986இல் கண்டறியப்பட்ட 'மனித ஹெர்பிஸ் வைரஸ் 6' என்பதாகும். மழலைப் பருவத்திலேயே இது பெரும்பாலோரைத் தொற்றிவிடுகிறது. சில நாள் காய்ச்சல், பின்னர் மேனியில் சிவந்த தடிப்புகள், அவ்வளவே. அதன்பின் வெள்ளணுக்கள் முதலியவற்றுள் வாழ்நாள் முழுதும் ஓசையின்றி அடங்கிக் கிடக்கிறது.

இதனால் என்ன கேடு எனக் கேட்பீர்கள்.

சிலவகை இரத்தப் புற்றுநோய்களுக்கு 'கார்-டி' என்னும் சிகிச்சை அளிக்கப்படுகிறது. அமெரிக்க அரசு 2017இல் இதற்கு முதன்முதலாக ஒப்புதல் தந்தது. 'டி' வகை வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, புற்றணுக்களை இனங்கண்டு தாக்குமாறு மரபணுவை மாற்றி, ஆய்வுக்கூடத்தில் பெருக்கி, நோயாளியின் உடலில் செலுத்துகின்றனர். கைவிடப்பட்ட பலர் இதனால் பிழைத்துள்ளனர்.

ஆயினும், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கேலப் லாரோ, அன்சுமன் சத்பதி முதலானோர் 2023 நவம்பரில் 'நேச்சர்' இதழில் ஓர் உண்மையை வெளியிட்டனர். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த இவ்வணுக்களுள், 300 முதல் 10,000 அணுக்களுக்கு ஒன்று வீதம், உறங்கிய கிருமி விழித்து மும்முரமாய் இயங்கியது! சிகிச்சை பெற்ற சில நோயாளிகளின் உடலிலும் அத்தகைய அணுக்கள் காணப்பட்டன.

காரணம் யாது? பெருகுமாறு தூண்டப்படும் வெள்ளணுவின் மேற்பரப்பில், இக்கிருமி நுழையும் வாசலாகிய புரதம் மிகுகிறது. எனவே ஓரணுவில் விழித்த கிருமி அண்டை அணுக்களுக்கும் எளிதில் பரவுகிறது. உடலுக்குள் இருக்கும் காவற்படையோ ஆய்வுக்கூடக் குடுவையில் இல்லை.

எதிர்ப்பாற்றல் குன்றிய நோயாளிக்கு இக்கிருமி மூளை அழற்சியை உண்டாக்கக்கூடும். கார்-டி சிகிச்சையின் பக்கவிளைவாகவும் மனக்குழப்பம் நேர்வதுண்டு. இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். மருந்தோ வேறு வேறு. பக்கவிளைவுக்குத் தரும் ஸ்டீராய்டு எதிர்ப்பாற்றலை அடக்கும். கிருமிக்கு வேண்டியதோ வைரஸ் எதிர்ப்பு மருந்து. 'ஃபாஸ்கார்நெட்' என்னும் அத்தகைய மருந்து, வளர்ப்பணுக்களில் கிருமி பரவுவதைத் தடுத்ததாகவும் அவ்வாய்வு கூறுகிறது.

ஆகவே, இதைக் கேட்டு அஞ்சி நல்ல சிகிச்சையை மறுத்தல் அறியாமை. செலுத்துமுன் அணுக்களைச் சோதிப்பதும், குழப்பம் கண்டவுடன் கிருமியையும் தேடிப் பார்ப்பதுமே அறிவுடைமை. பதுங்கியிருப்பது எதுவென அறிந்தவனே பாய்ச்சலைத் தடுப்பான்.