கண்டி மாநகரும் அதன் அயலும்

நகரொன்றின் எல்லையை ஆட்சியாளர் வரைதல் கூடும்; ஆயின் அது வளரும் திசையை வகுப்பது நிலமே. இவ்வுண்மையை இலங்கையிலே தெளிவுறக் காட்டும் நகரம் கண்டி.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தே, மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்றதொரு பள்ளத்தாக்கில் கண்டி அமைந்துள்ளது. தெற்கே ஹந்தானை மலை அரணாய் நிற்க, மேற்கு, வடக்கு, கிழக்கு ஆகிய முத்திசையினும் மகாவலி கங்கை வளைந்தோடுகின்றது. கிழக்கே ஆற்றுக்கு அப்பால் தும்பறைப் பள்ளத்தாக்கும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் உள்ளன. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் விமலதர்மசூரியன் இதனைத் தலைநகராகக் கொண்டமைக்கு இவ்வியற்கை அரணே தலையாய காரணம் எனலாம். 1638இல் போர்த்துக்கேயர் படை அழிந்த கன்னொறுவையும் மகாவலிக் கரையிலேயே உள்ளது. 1815இல் ஆங்கிலேயர் ஆட்சி இங்குப் புகும் வரை அரசைக் காத்தவை இம்மலையும் ஆறுமேயாம்.

ஆங்கிலேயர் காலத்தே அரண் வாயிலாயிற்று. 1865இல் மாநகரசபை தோன்றியது. 1867இல் புகையிரதம் வந்தது. அயல் மலைகளிலே முன்னர்க் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் பெருகின. அத்தோட்டங்களை ஆக்கிய தமிழகத் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் இன்றும் இம்மாவட்டத்தில் வாழ்கின்றனர். மாவட்ட மக்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் சிங்களவர். எஞ்சியோருட் பெரும்பாலார் முஸ்லிம்களும் தமிழருமாவர்.

இனி மக்கட்டொகையை நோக்குவோம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, மாவட்டத்தில் 13 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். சதுர கிலோமீற்றருக்கு 700 பேருக்கு மேல் என்னும் இவ்வடர்த்தி, நாட்டின் சராசரியைப் போல் இரு மடங்காகும். ஆனால் மாநகரசபை எல்லைக்குள் வாழ்ந்தோர் தொகை 1981இலும் 2012இலும் ஏறத்தாழ ஓர் இலட்சமாகவே இருந்தது. முப்பது ஆண்டுகளில் நகரம் வளரவில்லையா? வளர்ந்தது, ஆனால் எல்லைக்கு வெளியே வளர்ந்தது. கட்டுகஸ்தோட்டை, பேராதனை, குண்டசாலை, பிலிமத்தலாவை, அக்குறணை முதலிய ஊர்கள் நகரின் பகுதிகளே போலாயின. 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கம் பழைய தெல்தெனிய நகரை மூழ்கடித்ததும், திகனப் பகுதியிற் புதுக் குடியிருப்புகள் எழுந்தமையும் இம்மாற்றத்தின் பகுதியாகும்.

இவ்வூரார் கல்விக்கும் மருத்துவத்துக்கும் வணிகத்துக்கும் நாள்தோறும் நகருக்கு வருகின்றனர். எனவே பகலிற் கூடும் மக்கள், இரவிற் றங்குவோரினும் மிகப் பலர். ஆனால் அவர்கள் வந்து சேரும் வழிகளோ சில பாலங்களும் மலையிடுக்குச் சாலைகளுமே. ஊர்திகளின் புகை இக்கிண்ணத்தினின்றும் எளிதில் வெளியேறுவதில்லை. இடம் நாடி வீடுகள் சரிவுகளில் ஏற, மண்சரிவும் அச்சுறுத்துகின்றது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த பெருமழையால் இம்மாவட்டம் பலரை இழந்தது. நகரும் அயலும் அருந்துவது மகாவலி நீரே. மேலூரில் ஆற்றிற் சேரும் அழுக்கு கீழூரின் குடிநீரைக் கெடுக்கும்.

ஆதலின் கண்டிக்குத் திட்டம் வகுப்போர், மாநகரசபையின் எல்லைக் கோட்டோடு நின்றுவிடல் பொருந்தாது. ஆற்றின் இரு கரைகளையும் மலைச்சரிவுகளையும் சுற்றுப்புற ஊர்களையும் ஒருங்கே எண்ணுதல் வேண்டும். 1988இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட இந்நகரின் பெருமையைக் காத்தலும், சரிவிலே குடியிருக்கும் ஏழையின் உயிரைக் காத்தலும் ஒரே பணியின் இரு கூறுகளாம்.